வண்ணார்பண்ணை தந்த அஸீஸ்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியால் வருகிறவர்களுக்குச் சாவகச்சேரி, மீசாலையை அடுத்து வருவது கொடிகாமம். தென்மராட்சியின் தேங்காயும் மாங்காயும் பலாப்பழமும் வந்து கூடுகின்ற சந்தை அங்கே இருக்கிறது. பருத்தித்துறைப் பக்கத்து மக்கள் கொழும்புப் புகையிரதம் ஏறுவதற்கு வந்து சேருகின்ற நிலையமும் அதுதான். கொடிகாமத்தைத் தாண்டி மிருசுவிலுக்குப் போகும் வழியில் உசன் என்றொரு சிற்றூர் உண்டு. யாழ்ப்பாணத்துச் சோனகரின் முன்னோர் ஆதியில் குடியிருந்த இடங்களுள் உசனும் ஒன்று என்றும், அங்கிருந்து அவர்கள் நல்லூருக்கும் பின்னர் நாவாந்துறை, வண்ணார்பண்ணைப் பக்கத்துக்கும் பெயர்ந்தார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது.

இருந்த இடத்தை விட்டுப் பெயர்தல் அந்தச் சமூகத்தின் கதையில் முதற்பக்கத்திலேயே இருக்கிறது. கடைசிப் பக்கங்களிலும் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் உத்தரவினால் வடமாகாண முஸ்லிம்கள் முழுப்பேரும் வெளியேற்றப்பட்டார்கள். சோனகத் தெரு ஒரே நாளில் வெறுமையானது. எங்கள் கல்லூரியிற் படிக்கும் சிலருடைய உம்மாமார் அந்தத் தெருவில் பிறந்தவர்கள். பிள்ளைகளோ தெருவைக் கண்டதில்லை. அதைப் பற்றி வீட்டிற் பேசும்போது கைவிட்டு வந்த வீடும் கிணறும் பேச்சில் வருகின்றன, தையற்கடையும் இரும்புக்கடையும் வருகின்றன. அந்த மண்ணில் பிறந்து வளர்ந்து நாடறிந்த ஒரு மனிதரின் பெயர் வருவது குறைவு. கல்விமான், எழுத்தாளர், செனட்டர் மர்ஹூம் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களைப் பற்றியே சொல்கிறேன்.

அவரைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் அவர் வகித்த பதவிகளை வரிசையாகச் சொல்லி முடிகின்றன. இலங்கை சிவில் சேவையின் முதல் முஸ்லிம், ஸாஹிராக் கல்லூரி அதிபர், செனட்டர், பொதுச்சேவை ஆணைக்குழு உறுப்பினர். பதவிகளைப் பெறுவதற்குத் திறமையும் சந்தர்ப்பமும் போதும். அவற்றுட் சிலவற்றைத் தாமாகவே விட்டுவிட்டு வருவதற்கு வேறொன்று வேண்டும். அது அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ் 1911ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி வண்ணார்பண்ணையிற் பிறந்தார். தந்தையார் எஸ். எம். அபூபக்கர் சட்டத்துறையைச் சேர்ந்தவர். அக்காலத்து யாழ்ப்பாண முஸ்லிம் குடும்பங்களில் இது அபூர்வம். பெரும்பாலானோர் வியாபாரிகள், தையற்காரர், சிறுதொழில் செய்தவர்கள். பிள்ளை குர்ஆன் ஓதப் பழகி, கணக்கு எழுதத் தெரிந்துகொண்டால் கடைக்கு அனுப்பிவிடும் வழக்கம் இருந்த காலம் அது.

அஸீஸும் மற்றப் பிள்ளைகளைப் போலக் குர்ஆன் மதரஸாவிலேயே தொடங்கினார். பின்னர் அங்குள்ள முஹம்மதியா முஸ்லிம் பாடசாலையிற் படித்தார். அதற்கு மேலே படிக்க வேண்டுமானால் முஸ்லிம் பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தில் சொந்தப் பள்ளிக்கூடம் இருக்கவில்லை. இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கிறிஸ்தவ மிஷன் கல்லூரிகள். மற்றது சைவப் பாடசாலைகள்.

இந்த இரண்டு வழிகளும் எப்படி உண்டாயின என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். சில ஆண்டுகளுக்குள்ளே ஊருக்கு ஊர் அவர்களுடைய பள்ளிகள் எழுந்தன. படிப்போடு சமயமும் சேர்ந்து வருவதைக் கண்ட ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் ஒரு சைவப் பள்ளியைத் தொடங்கினார். அந்த விதையிலிருந்துதான் பின்னாளில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி முதலான நிறுவனங்கள் முளைத்தன. கண்டியிலே அறிஞர் சித்திலெப்பை முஸ்லிம்களுக்காகச் செய்யப் பாடுபட்டதும் இதையே. சமயத்தை இழக்காமல் படிப்பைப் பெறுவது எப்படி என்பதே இருவருக்கும் முன்னால் இருந்த கேள்வி. சித்திலெப்பையின் முயற்சியின் பலன் யாழ்ப்பாணத்துக்கு எட்டவில்லை. எனவே வண்ணார்பண்ணை முஸ்லிம் பையன் நாவலர் வழிவந்த பள்ளிக்குத்தான் போக வேண்டியதாயிற்று. இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், 1923 முதல் 1929 வரை யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் அவர் பயின்றார்.

நெற்றியில் திருநீறு பூசிய பிள்ளைகளின் நடுவே தொப்பி அணிந்த வீட்டுப் பிள்ளை. தேவாரம் பாடுகின்ற காலைப் பிரார்த்தனை. புராணமும் சைவ இலக்கியமும் ஊறிய தமிழ்ப்பாடம். பெரும்பான்மைக்குள்ளே ஒருவராக இருந்து படித்த எவருக்கும் இந்த நிலைமை தெரியும். எல்லோரும் அன்பாகவே இருப்பார்கள். ஆனாலும் நீ வேறு என்பதை நாளுக்கு ஒரு முறையாவது ஏதாவது ஒன்று ஞாபகப்படுத்திவிடும். அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளைகள் இரண்டு வகையாக ஆகிவிடுவதுண்டு. சிலர் தம்மை மறைத்துக்கொண்டு மற்றவர் மாதிரியே ஆகப் பார்ப்பார்கள். சிலர் சுவர் எழுப்பிக்கொண்டு உள்ளே இருந்துவிடுவார்கள். அஸீஸ் இரண்டையும் செய்யவில்லை. சைவ ஆசிரியர்களிடம் தமிழை ஆசை தீரக் கற்றார். தம்முடைய சமயத்தில் எதையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. பின்னாளில், 1968இல், தமிழ் யாத்திரை என்ற பெயரில் அவர் ஒரு நூல் எழுதினார். தமிழோடு தமக்கு உண்டான உறவை ஒரு பயணமாகவே அவர் கண்டார் என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது. பயணத்தின் முதல் தரிப்பிடங்கள் இந்தச் சைவப் பாடசாலைகள்.

அவர் அங்கு மாணவராக இருந்த 1927 நவம்பரிலேதான் மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தார். யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் அவரை அழைத்திருந்தது. சாதிப் பாகுபாட்டையும் அந்நியர் ஆட்சியையும் எதிர்த்து இளைஞர் துணிந்து பேசத் தொடங்கிய காலம். பதினாறு வயதுப் பையனின் மனத்தில் அந்தச் சூழல் என்ன செய்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

1929இல் கொழும்பு பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் போனார். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கி அப்போது கால் நூற்றாண்டு ஆகவில்லை. கொடிகாமத்தையும் பளையையும் ஆனையிறவையும் கடந்து இரவு முழுவதும் ஓடும் அந்த வண்டியில் வடக்கிலிருந்து எத்தனையோ இளைஞர் உத்தியோகம் தேடிப் போனார்கள். அவர்களுள் முஸ்லிம்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். 1933இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுச் சிறப்புப் பட்டத்தைப் பெற்றார். புலமைப்பரிசில் பெற்று 1934இல் கேம்பிரிட்ஜ் சென்றார். இதற்கிடையில் இலங்கை சிவில் சேவைப் பரீட்சையில் சித்தியடைந்த செய்தி வந்தது. ஆராய்ச்சியை விட்டுத் திரும்பி வந்து 1935இல் சேவையிற் சேர்ந்தார்.

இன்றைய மாணவியருக்குச் சிவில் சேவை என்றால் அவ்வளவாக விளங்காது. நாட்டை ஆண்டவர்கள் அந்தச் சேவையினர்தான். மாகாணங்களில் அரசாங்க அதிபராக இருந்தவர்கள், திணைக்களங்களின் தலைவர்கள் எல்லோரும் அதிலிருந்து வந்தவர்கள். நெடுங்காலம் வெள்ளையருக்கே உரியதாக இருந்து, பிறகு சிறிது சிறிதாக இந்நாட்டவருக்கும் கதவு திறந்தது. அதில் நுழைந்த முதல் முஸ்லிம் அஸீஸ். அப்போது வயது இருபத்துமூன்று. சமூகம் கொண்டாடியது. இனி அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று ஊரார் நினைத்திருப்பார்கள். 1937இல் உம்மு குல்தூம் அவர்களை மணந்தார். அஸீஸைப் பற்றி நான் வாசித்த கட்டுரைகள் இந்தப் பெண்மணியின் பெயரை ஒரு வரியிற் சொல்லிவிட்டு அப்பாற் போய்விடுகின்றன. கணவர் உயர் பதவியை விட்டபோதும், கட்சியை விட்டபோதும் வீட்டிற் கூட இருந்தவர் அவர். அவருடைய பக்கத்தையும் யாராவது எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அஸீஸின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது யுத்தம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. இலங்கைக்குச் சோறு போட்டது பர்மா அரிசி. அது நின்றுவிட்டது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. உள்நாட்டில் நெல் விளைவிக்காவிட்டால் பஞ்சம்தான் என்ற நிலை. அந்த ஏப்ரலில் கல்முனையில் ஓர் அவசரகாலக் கச்சேரியைத் திறந்து உணவு உற்பத்தியைப் பெருக்குமாறு அரசாங்கம் அஸீஸை உதவி அரசாங்க அதிபராக அனுப்பியது.

வண்ணார்பண்ணையில் வளர்ந்து கொழும்பிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவருக்குக் கிழக்கிலங்கை புதிய உலகம். வயல் வயலாக முஸ்லிம் கமக்காரர். மருதமுனையில் நெசவுத் தறிகள். கடலோரம் முழுவதும் மீனவர். யாழ்ப்பாணத்தில் ஒரு மூலைக்குள் இருந்த சமூகம் இங்கே ஊர் ஊராகப் பரந்து கிடந்தது. ஆனால் படித்தவர் இல்லை. நெல் விளைகிற பூமியில் விளைவிக்கிறவன் கடனாளி. தம் காணி உறுதியை வாசிக்கத் தெரியாதவர்கள், கச்சேரிக்கு ஒரு மனு எழுதுவதற்கும் மற்றவரிடம் போய் நிற்பவர்கள் அநேகர். தாம் ஒருவர் சிவில் சேவைக்குள் நுழைந்ததனால் சமூகம் முன்னேறிவிடவில்லை என்பது அவருக்கு அங்கேதான் முகத்துக்கு நேரே தெரிந்தது.

அரசாங்கம் அனுப்பியது நெல்லுக்காக. அந்த வேலையை அவர் குறைவின்றிச் செய்தார். அதோடு நின்றிருந்தால் அவரும் வந்து போன துரைமாருள் ஒருவராக இருந்திருப்பார். அந்த ஆண்டிலேயே கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். உத்தியோகத்தர் ஊர்க் காரியத்தில் இப்படி இறங்குவது அக்காலத்து வழக்கத்துக்கு மாறு. கச்சேரியும் சனமும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதே வெள்ளைக்காரன் வகுத்த ஒழுங்கு.

கல்முனைக்கு அடுத்த ஊர் காரைதீவு. சுவாமி விபுலானந்தரின் பிறந்தகம். அஸீஸுக்கும் சுவாமிகளுக்கும் அந்நாட்களில் நெருங்கிய நட்பு உண்டானது. காவியுடுத்த துறவியும் முஸ்லிம் அரசாங்க அதிகாரியும் உட்கார்ந்து தமிழையும் கல்வியையும் பேசினார்கள். சுவாமிகள் செல்வமோ சொந்தப் பிள்ளைகளோ இல்லாத நிலையில், பிறர் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடங்களைக் கட்டிக்கொண்டிருந்தவர். பதவி இல்லாமலும் ஒருவர் பெரிய காரியம் செய்யலாம் என்பதற்கு நேரிற் கண்ட சாட்சி. அஸீஸ் ஆறு ஆண்டுகள் கழித்து எடுத்த முடிவுக்கு இந்தச் சந்திப்புகளிலும் ஒரு வேர் இருக்கிறதென்று எனக்குத் தோன்றுகிறது. காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையின் பழக்கமும், அல்லாமா இக்பாலின் சிந்தனைகளில் ஆழ்ந்த ஈடுபாடும் அவருக்கு இருந்தன. இக்பால் தன்னறிவையும் தன்மதிப்பையும் கவிதையின் நடுப்பொருளாக வைத்தவர். அஸீஸ் இக்பாலைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியும் பேசியும் வந்ததில் ஆச்சரியமில்லை.

1945 மே மாதத்தில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவானது. அதைத் தோற்றுவித்தவர் அஸீஸ். அதே ஆண்டில்தான் நாட்டில் இலவசக் கல்வியும் வந்தது. படிப்பு இலவசமான பிறகு நிதி எதற்கு என்று கேட்டவர்களும் இருந்திருக்கலாம். கட்டணம் இல்லாமற் போனாலும் மருதமுனையிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ கொழும்புக்குப் படிக்க வரும் பிள்ளைக்கு விடுதிச் செலவு இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, உடுப்பு இருக்கிறது. அந்தப் பிள்ளை வீட்டில் இருந்தால் வயலில் இரண்டு கை கூடும் என்ற கணக்கும் வாப்பாவுக்கு இருக்கிறது. வறுமை பள்ளிக்கூட வாசலில் மட்டும் நிற்பதில்லை. இதைக் கல்முனையிற் கண்டறிந்தவர் என்பதால் அஸீஸ் நிதியை அமைத்தார். ஏழைப் பிள்ளைகள் டொக்டர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் வந்ததற்கு இந்த நிதி கைகொடுத்தது. இன்றும் அது இயங்குகிறது.

இப்போது அவருடைய வாழ்க்கையின் பெரிய முடிவுக்கு வருவோம்.

1948 பெப்ரவரி 4ஆம் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றது. வெள்ளைக்கார அதிகாரிகள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். அவர்கள் விட்டுச் செல்லும் நாற்காலிகளுக்குச் சிவில் சேவையில் இருந்த இந்நாட்டவர் ஏற வேண்டிய காலம். அஸீஸுக்குப் பதின்மூன்று வருட சேவை. வயது முப்பத்தாறு. பொறுத்திருந்தால் திணைக்களத் தலைவர் ஆகலாம், நிரந்தரச் செயலாளர் ஆகலாம். அந்த நேரத்தில்தான் கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்கு அதிபர் தேவைப்பட்டது. நீண்ட காலம் அதிபராக இருந்து கல்லூரியை உயர்த்திய ரீ. பீ. ஜாயா அரசியலுக்குச் சென்று அமைச்சராகியிருந்தார். அஸீஸ் சிவில் சேவையை விட்டு விலகி ஸாஹிராவின் அதிபர் பொறுப்பை ஏற்றார்.

உத்தியோகத்துக்காகவே பிள்ளைகளைப் படிக்க வைத்த சமுதாயத்தில் இந்தச் செயல் எப்படி ஒலித்திருக்கும்! சமூகத்துக்குக் கிடைத்த முதற் சிவில் சேவையாளர் அதைக் கைவிட்டு வாத்தியார் வேலைக்குப் போகிறார். உள்ளே ஒருவர் இருந்தால் சமூகத்துக்கு எவ்வளவோ உதவி என்று சொல்வது எளிது. அந்த வாதம் முற்றிலும் தவறானதும் அல்ல. ஆனால் தாம் ஒருவர் மேலே இருப்பதைவிட, மேலே போகக்கூடிய நூறு பேரைக் கீழேயிருந்து அனுப்புவது பெரிது என்று அவர் கணக்கிட்டார். இந்தக் கணக்கைப் போடுவதற்கு வேண்டிய துணிவு ஒரு நாளில் வந்ததல்ல. தம்மைப் போல ஒருவரும் இல்லாத வகுப்பறையில் தாமாகவே இருக்கப் பழகிய பையனுக்கு, தம் முடிவை ஒருவரும் ஒப்புக்கொள்ளாத வேளையிலும் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

ஸாஹிரா 1892இல் மருதானையில் ஆரம்பிக்கப்பட்ட கல்லூரி. சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார், எகிப்திலிருந்து பிரிட்டிஷாரால் நாடுகடத்தப்பட்டு இங்கு வாழ்ந்த ஒராபி பாஷா ஆகியோர் அதன் பிறப்போடு தொடர்புடையவர்கள். அஸீஸ் பின்னாளில் எகிப்தைப் பற்றி மிஸ்ரின் வசியம் என்ற பயண நூலை எழுதினார். அவருடைய காலத்தில் கல்லூரி முஸ்லிம்களின் பள்ளிக்கூடம் என்ற எல்லையைத் தாண்டிப் பண்பாட்டு நிலையமாயிற்று. தமிழ் இலக்கியக் கூட்டங்கள், வரலாற்றுச் சொற்பொழிவுகள், சஞ்சிகைகள் என்று எந்நேரமும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும். மற்றச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருந்தது. வடமராட்சியின் கரவெட்டியிலிருந்து வந்து ஸாஹிராவில் படித்தவர்களுள் ஒருவர் பின்னாளில் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி என்று உலகறிய விளங்கினார். அங்கே ஆசிரியராகவும் இருந்தார். முன்பு சைவக் கல்லூரி ஒரு முஸ்லிம் பையனுக்குத் தமிழ் தந்தது. பிறகு அந்தப் பையன் அதிபராக இருந்த முஸ்லிம் கல்லூரி ஒரு கரவெட்டிப் பையனை வளர்த்தது. கணக்குத் தீர்ந்ததா, இன்னும் கடன் இருக்கிறதா என்று பார்க்கின்ற இன்றைய மனங்களுக்கு இது விளங்குவது கஷ்டம்.

1950இல் அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. பேரவை அமைந்தது. ஊர்களில் இளைஞர் சங்கங்களாகச் சிதறிக் கிடந்தவற்றை ஒரு கூரையின் கீழ்க் கொண்டுவரும் முயற்சி. அதிலும் அஸீஸே முன்னின்றார். 1952இல் செனட் சபை உறுப்பினரானார். அப்போதைய பாராளுமன்றத்தின் மேற்சபை அது. 1971இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. அஸீஸ் ஐக்கிய தேசியக் கட்சியின் பக்கத்தில் இருந்தார். அங்கேதான் அடுத்த சோதனை வந்தது. சிவில் சேவையை விட்டது தம் வருமானத்தோடும் பதவியோடும் போன விஷயம். இது தம்மவர்களோடு முரண்படுகின்ற விஷயம்.

சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகள் என்று முன்னர் பேசியவர்கள், தேர்தல் நெருங்கியபோது குரலை மாற்றினார்கள். ஐக்கிய தேசியக் கட்சியும் சிங்களம் மட்டும் என்ற பக்கத்துக்குச் சாய்ந்தது. 1956இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்கா அரசாங்கம் ஜூன் மாதத்தில் மசோதாவைக் கொண்டுவந்தது. காலிமுகத்திடலில் அமைதியாக உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் தாக்கப்பட்டார்கள். கல்லோயாப் பக்கத்தில் இரத்தம் சிந்தியது.

முஸ்லிம்களின் நிலைமை இக்கட்டானது. அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் சிங்களப் பிரதேசங்களில் வாழ்பவர்கள். கடையும் வியாபாரமும் அண்டை வீடும் சிங்களவரோடு. பெரும்பான்மையோடு மோதி என்ன காணப்போகிறோம் என்ற அச்சம் நியாயமானதே. சேர் ராஸிக் பரீத் உட்படச் செல்வாக்கு மிகுந்த முஸ்லிம் தலைவர்கள் சிங்களம் மட்டும் என்பதை ஆதரித்தார்கள். அவர்களைச் சந்தர்ப்பவாதிகள் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது நியாயமன்று. ராஸிக் பரீத் முஸ்லிம் பெண்களின் கல்விக்கு ஆற்றிய சேவைக்கு நம்மைப் போன்ற பெண்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். அவர் கண்டது சமூகத்தின் பாதுகாப்பை.

அஸீஸ் கண்டது வேறு. இந்நாட்டு முஸ்லிமின் தாய்மொழி தமிழ் என்பதை அவர் நாற்பதுகளிலிருந்தே வலியுறுத்தி வந்தவர். பள்ளிவாசலில் பயான் நடப்பது தமிழில். உம்மா பிள்ளையைத் தாலாட்டுவது தமிழில். அரபு எழுத்திலே தமிழை எழுதி ஒரு தனி இலக்கியத்தையே வளர்த்த சமூகம் இது. சிங்களத்தைப் படிக்கக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு அல்ல. அயலவரின் மொழியை அறிவது வேறு, சொந்த மொழியைக் கைவிடுவது வேறு. பயத்தினால் ஒன்றைக் கைவிட்டால் அடுத்த பயத்துக்கு எதைக் கொடுப்பது?

கட்சி மொழிக் கொள்கையை மாற்றியபோது அவர் கட்சியை விட்டு விலகினார். மசோதா செனட் சபைக்கு வந்தபோது அதை எதிர்த்துப் பேசினார். மசோதா நிறைவேறியது. அதை அவர் எதிர்பாராமலும் இல்லை. எண்ணிக்கை தெரிந்த சபை அது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டே எழுந்து, ஆத்திரமில்லாமல் ஆதாரங்களோடு பேசிவிட்டு உட்கார்வது எல்லோராலும் முடிவதல்ல. கத்துவது எளிது. சும்மா இருப்பது அதைவிட எளிது. தமிழருக்குள் சிலர் அவரைத் தங்கள் ஆள் என்று நினைத்தார்கள். முஸ்லிம்களுள் சிலர் அவர் தமிழர் பக்கம் போய்விட்டார் என்று நினைத்தார்கள். இரண்டும் சரியல்ல. யாழ்ப்பாணத்துப் பாடசாலை வாங்கிலே எந்த இடத்தில் இருந்தாரோ அந்த இடத்திலேயே இருந்தார்.

மொழியைப் பற்றி அவர் கூறிய காரணங்களை இன்று எல்லோரும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. சிங்களப் பிரதேசங்களிற் பிறந்து சிங்கள மொழியில் படித்து நல்ல நிலைக்கு வந்த முஸ்லிம் சகோதரிகள் நம்மிடையே அநேகர். அவர்களுக்குத் தமிழ் வீட்டு மொழியாக மட்டும் ஆகிவிட்டது. வாழ்க்கை அஸீஸ் எதிர்பார்த்த வழியால் மட்டும் போகவில்லை. ஆனால் அவருடைய காரணங்களை மறுக்கிறவர்களும் அவர் அதற்காகக் கொடுத்த விலையை மதிக்க வேண்டும்.

1960க்குப் பின் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. தனியார் கல்லூரிகள் தடுமாறிய காலம். 1961இல் அஸீஸ் ஸாஹிராவை விட்டு விலகினார். பதின்மூன்று ஆண்டுகள். சிவில் சேவையிலும் பதின்மூன்று ஆண்டுகள். 1963இல் பொதுச்சேவை ஆணைக்குழுவின் உறுப்பினராக நியமிக்கப்பட்டபோது செனட் பதவியும் முடிந்தது.

இந்த இடத்தில் பலருடைய வாழ்க்கை வரலாறு சோர்ந்துபோகும். பதவி போன பிறகு பழைய பெருமையைப் பேசிக்கொண்டு சாய்வுநாற்காலியில் இருப்பவர்களை நாம் ஊரில் காண்கிறோம். அஸீஸின் தமிழ் நூல்களில் முக்கியமானவை வெளிவந்தது இதற்குப் பிறகுதான். இலங்கையில் இஸ்லாம் 1963இல். மிஸ்ரின் வசியமும் கிழக்காபிரிக்கக் காட்சிகளும் 1967இல். தமிழ் யாத்திரை 1968இல். ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய கை ஐம்பது வயதுக்குப் பிறகு தமிழில் புத்தகம் புத்தகமாக எழுதியது. அவருடைய நடை கொஞ்சம் கனமானது, வசனங்கள் நீளமானவை. ஆனால் பயண நூல்களில் அந்தக் கனம் குறைந்து, புதிய ஊர்களைக் கண்ட மகிழ்ச்சி வெளியே தெரியும். நூலகத்திற் கிடைத்தால் மிஸ்ரின் வசியத்திலிருந்து தொடங்குவது நல்லது.

1973 நவம்பர் 24ஆம் திகதி, அறுபத்திரண்டு வயதில் அவர் காலமானார். அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் ஆரம்பமாயிற்று. அது தனிப் பல்கலைக்கழகமான பின் 1980இல் அஸீஸுக்கு இலக்கியக் கலாநிதிப் பட்டத்தை அளித்துக் கௌரவித்தது. பட்டத்தைப் பெற அவர் உயிரோடு இருக்கவில்லை. அதை வழங்கிய திருநெல்வேலி வளாகத்திலிருந்து அவர் பிறந்த வண்ணார்பண்ணை சைக்கிளில் போகிற தூரம்தான்.